கபாபென்டினா, ப்ரீகாபாலினா?

டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு இடுப்பு வலி போயிடுச்சு, ஆனா கால்ல எரிச்சலும் சுரீர்னு கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்குறதும் மட்டும் விடலன்னா டாக்டருங்க பெரும்பாலும் இந்த ரெண்டு நரம்பு வலி மாத்திரைல ஒண்ணத்தான் எழுதுறாங்க, எது தேவலைன்னுதான் எல்லாருக்கும் குழப்பம்.

வேளை: கபாபென்டின் வழக்கமா 3, ப்ரீகாபாலின் 2. மதிய மாத்திரைய மறக்குற என்ன மாதிரி ஆளுக்கு ரெண்டாவதுதான்.

டோஸ்: கபாபென்டின ஏத்த ஏத்த உடம்பு இழுத்துக்குற பங்கு குறையும், அதனால பொறுமையா ஏத்தணும். ப்ரீகாபாலின்ல அந்தத் தொல்லை இல்ல.

தூக்கம், தலைசுத்தல்: ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல, வண்டிய தொடாதீங்க.

கிட்னி கோளாறு: ரெண்டுக்குமே டோஸ் குறைக்கணும்.

மரத்துப்போனதுக்கு ரெண்டுமே பெருசா உதவாது, நரம்பு தேற மாசக்கணக்காகும். மாத்திரைய சட்டுனு நிறுத்தாதீங்க. ஒண்ணுக்கு அடைச்சாலோ தொடையிடுக்கு மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.