கோத்தகிரியா, கொடைக்கானலா? சிரிப்பானைத் தேடிப் போகிறவர்களுக்கு

சிரிப்பது போலக் கத்தும் சோலைப் பறவையான சிரிப்பானைப் பார்க்க, நான்கு நாள் விடுமுறைக்கு நீலகிரியின் கோத்தகிரி போவதா, பழனி மலைத்தொடரின் கொடைக்கானல் போவதா என்று கேட்கும் நண்பர்கள், "இரண்டும் ஒரே சோலைக்காடுதானே" என்பார்கள். இல்லை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெக்கையான தாழ்நிலம் கடலுக்குச் சமம். அதைக் கடக்காமல் இருபுறமும் தனித்தனியே வாழ்ந்து, தனித்தனி இனங்களாகவே பிரிந்துவிட்டன. நீலகிரிச் சிரிப்பானுக்கு மார்பும் வயிறும் செங்கல் நிறம்; பழனிச் சிரிப்பானுக்கு மார்பு சாம்பல், வயிற்றில்தான் செம்மை. தரையோரம் நடமாடும் சோலைக்கிளியும் (பெயரில்தான் கிளி, உண்மையில் நீல நிறச் சிறு பறவை) அப்படியே: கணவாய்க்கு வடக்கில் விலா செம்பழுப்பு, தெற்கில் வயிறு வெள்ளை.

பறவைதான் முதல் நோக்கம் என்றால் கோத்தகிரிக்கே போங்கள். ஊரை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, இந்தத் துண்டு எப்படித் தப்பியது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழும். போன டிசம்பரில் காலை ஆறரை மணிக்குப் போய் ஒரு வேர் மீது அசையாமல் உட்கார்ந்தேன். முதலில் சிரிப்பொலி, பிறகு நீண்ட அமைதி. பத்தடி தூரத்தில் ஈரச் சருகு ஒன்று புரண்டது. அதன் பின்னால் வெள்ளைப் புருவமும் கரிய கண்பட்டையுமாக ஒரு சிரிப்பான். அலகால் சருகைத் தூக்கி எறிந்து, அடியில் கிடைத்ததை விழுங்கி, அடுத்ததைப் புரட்டியது.

அப்போது பின்னால் வந்த குழுவின் வழிகாட்டி கைபேசியில் அதே பறவையின் குரலை ஒலிக்கவிட்டார். எதிரி வந்துவிட்டது என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுக் கத்தத் தொடங்கியது. புகைப்படத்துக்காக இப்படிச் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யும் வழிகாட்டியை அமர்த்தாதீர்கள்.

ஆனால் லாங்வுட்டில் நடை சீக்கிரம் முடிந்துவிடும். கால் வலிக்க நடக்க ஆசைப்படுகிறவருக்குக் கொடைக்கானலே சரி. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கும் பாதைக்கு ஈடாக ஒன்றை நான் நீலகிரியில் நடந்ததில்லை. மலைச்சாலை வருமுன் அடிவாரத்துப் பெரியகுளத்தில் இருந்து மக்கள் ஏறிவந்த வழி அது. இறங்க இறங்கச் சோலையின் ஈரம் போய்க் காற்று சூடாகும், பறவைகளும் மாறும். வெள்ளகவிக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது ஊர் வழக்கம். கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் பலவீனமானவர்கள் இந்த இறக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு வட்டக்கானல் சாலையோரமே போதும். பழனிச் சிரிப்பான் அங்கே வேலியோரச் செடிகளுக்குக்கூட வரும்.

மழைக்கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு இடத்திலும் நனைக்கும். மார்கழி, தை உகந்தவை. கோடையில் காட்டுத்தீ அபாயம் கருதி மலையேற்றப் பாதைகள் மூடப்படுவதுண்டு. வெள்ளகவிப் பாதை, 2024இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இருக்கிறது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சொந்த வாகனம் என்றால், இரண்டு மலைக்கும் இணையத்தில் தரப்படும் நுழைவு அனுமதியான இ-பாஸ் எடுங்கள். அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையும் இல்லை.

இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க நினைக்காதீர்கள். ஒரு மலை இறங்கி மறுமலை ஏறுவதிலேயே ஒரு பகல் போய்விடும். அந்த நாளின் விடியற்காலையும் பஸ் நிலையத்தில் கழியும்.