புரை ஆபரேஷன்: மோனோஃபோகலா, மல்ட்டிஃபோகலா?

அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றதும் வீட்டில் இழுபறி எந்த லென்ஸ் வைப்பது என்பதில்தான். நான் மோனோஃபோகல் பக்கம் நின்றேன். அதையே வைத்தோம்.

மல்ட்டிஃபோகலின் கவர்ச்சி தெரிந்ததுதான்: தூரம், கிட்டம் இரண்டுக்கும் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது. விலை அதிகம். மோனோஃபோகலில் தூரம் பளிச்சென்று தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். தினக் காலண்டரில் ராகு காலம் பார்க்கவும், மல்லிகை தொடுக்கவும் அம்மா இன்றும் கண்ணாடியைத் தேடுகிறார். 1992-இல் தொடங்கிய அரோலேப் நிறுவனம் நம்ம மதுரையிலேயே லென்ஸ் தயாரிப்பதால் மோனோஃபோகல் எளியவர்களுக்கும் எட்டுகிறது.

நான் பார்த்தது பல வருஷம் கழித்து கண் எப்படி இருக்கும் என்பதை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மல்ட்டிஃபோகல், உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. அதனால் மங்கலான வெளிச்சத்தில் சாம்பலுக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். விழித்திரை நன்றாக இருக்கும்வரை இதைச் சமாளிக்கலாம். பின்னாளில் சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினால் இரண்டு குறையும் சேர்ந்துகொள்ளும். வாசற்படியின் விளிம்பே தெரியாமல் கால் இடறும் வயதில் அது சின்ன விஷயமில்லை.

அப்புறம், கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் பை. எந்த லென்ஸ் வைத்தாலும் அந்தப் பையின் பின்சுவர் சில மாதத்திலோ வருஷத்திலோ மங்கலாகலாம். “புரை திரும்ப வந்துடுச்சு” என்று பலர் சொல்வது இதைத்தான். யாக் லேசரில் சில நிமிஷத்தில் அங்கே ஒரு துளை போட்டுச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் மல்ட்டிஃபோகலில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதுண்டு; அது பழகாமலே போய், லென்ஸை மாற்றவேண்டி வந்தால்? பின்சுவர் திறந்துவிட்ட கண்ணில் லென்ஸை மாற்றுவது மிகச் சிக்கலான வேலை. ஆகவே வளையம்தான் தொந்தரவு என்றால், காரணம் லென்ஸா பின்சுவர் மங்கலா என்று பிரித்துப் பார்க்காமல் லேசருக்கு அவசரப்படவே கூடாது.

மல்ட்டிஃபோகல் வைத்தவர்களில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். கண்ணாடியில்லாமல் பேப்பர் படிக்கிறார், அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. இருட்டிய பிறகு ரிங் ரோட்டில் வண்டி எடுப்பதை மட்டும் விட்டுவிட்டார். அவர் ஒருவரை வைத்து எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பலருக்குச் சில மாதத்தில் வளையம் பழகிவிடும்.

சர்க்கரையோ கண் நீர் அழுத்தமோ இல்லாதவர், இரவில் அதிகம் வண்டி ஓட்டாதவர் என்றால் மல்ட்டிஃபோகலையும் யோசிக்கலாம். எதுவானாலும் விழித்திரையை, அதை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் பார்த்த பிறகு லென்ஸுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.