டிவிடியா, ரூஃபஸா, வென்டாயா? பீட்டா ஓஎஸ் போட நான் மாட்டிக்கிட்டு கத்துக்கிட்டது

2024 மார்ச்ல சித்தப்பா வீட்டு பழைய கோர் 2 டுயோ டெஸ்க்டாப்ல உபுண்டு லினக்ஸோட லேசான வகையான லுபுண்டு 24.04ஐ, ஃபைனல் வெளியாகுறதுக்கு முன்னாடியே, பீட்டாவாவே போட்டுப் பாக்கணும்னு ஒரு அரிப்பு. அதுல ஓடிட்டு இருந்த 22.04க்கு 2025 ஏப்ரலோட சப்போர்ட் முடியுறதா இருந்துச்சு, புதுசு எல்டிஎஸ், அதாவது நீண்ட நாள் சப்போர்ட் வர்ற வெர்ஷன், மூணு வருஷம் தொந்தரவு இல்லாம ஓடும். ஃபைனல் ஏப்ரல் 25ன்னு தேதியும் சொல்லியாச்சு, ஒரு மாசம் பொறுத்திருக்கலாம்தான், ஆனா கை சும்மா இருக்குமா. அவர் ஃபைல் எதுலயும் கை வைக்கல, சும்மா கிடந்த ஒரு 160 ஜிபி ஹார்ட்டிஸ்க்க மாட்டி அதுலதான் விளையாட்டெல்லாம். பீட்டா போடுற யாரா இருந்தாலும் இதை மட்டும் பண்ணிடுங்க, மீதி எல்லாம் அப்புறம்.

ஓஎஸ் மொத்தமும் ஒரே ஃபைலா வர்ற இமேஜ, அதாவது ஐஎஸ்ஓவ, மெஷினுக்குள்ள கொண்டு போக எனக்கு மூணு வழி இருந்துச்சு. டிவிடில எரிக்கிறது, பென்டிரைவ்ல விண்டோஸ் ப்ரோக்ராம் ரூஃபஸ் இல்ல லினக்ஸ் கமாண்ட் டிடி வச்சு எழுதுறது, பென்டிரைவ்ல வென்டாய்ங்கிற ப்ரோக்ராமப் போட்டு ஐஎஸ்ஓவ சும்மா காப்பி பண்றது. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பொய் கம்ப்யூட்டர ஓட்டுற விர்ச்சுவல் மெஷின் இருக்கேன்னு சொல்லுவீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுக்க அது போதும், ஆனா உங்க வைஃபை கார்டு எழுந்திருக்குமா, பழைய கிராஃபிக்ஸ் கார்டு படம் காட்டுமான்னு அது சொல்லாது. அதனால அதை இந்தக் கணக்குலயே சேக்கல.

இப்பவே சொல்லிடுறேன், நான் வென்டாய் பக்கம். ஆனா ஆரம்பிச்சது டிவிடிலதான், ஏன்னா சித்தப்பா மெஷினோட பயாஸ்ல, அதாவது எதுல இருந்து பூட் ஆகணும்னு சொல்ற செட்டிங்ல, யூஎஸ்பின்னு ஒரு வரி இருக்கு, செலக்ட் பண்ணா கறுப்புத் திரைல கர்சர் மட்டும் மினுக்கிட்டு நிக்கும். டிவிடி ட்ரைவ் மட்டும் கூப்பிட்ட உடனே வரும். காலி டிஸ்க் வாங்கப் போனா கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "டிவிடியா? யாரு சார் இப்பல்லாம் கேக்குறா"ன்னு சொல்லி உள்ள போயி தூசி தட்டி அஞ்சு டிஸ்க் எடுத்துட்டு வந்தார்.

டிவிடில முதல் விஷயம் அளவு. சாதா டிவிடி 4.7 ஜிபிதான். லுபுண்டு மூணு ஜிபி சொச்சம், அது உக்காந்துடும். ஆனா மெயின் உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 5.7 ஜிபி, அதுக்கு ரெண்டு லேயர் டிஸ்க் வேணும், அதைத் தேடி அலையுறதுக்கு பதிலா ஒரு பென்டிரைவே வாங்கிடலாம். ஒரு காலத்துல மொத்த உபுண்டுவும் 700 எம்பி சிடிக்குள்ள அடங்கிச்சு, 2011 வரைக்கும் கேட்டவங்களுக்கு தபால்ல சும்மாவே அனுப்புனாங்க, அந்த அட்டை உறை இன்னும் என் அலமாரில கிடக்கு. அது வேற காலம்.

ரெண்டாவது நேரம். 4x வேகத்துல எரிச்சா மூணு ஜிபிக்கு கிட்டத்தட்ட பத்து நிமிஷம், சரிபாக்க மறுபடியும் அதே அளவு நேரம். வேகத்தக் கூட்டலாம், ஆனா பழைய ட்ரைவ்னா நான் கூட்ட மாட்டேன். லைவ் செஷன்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம டிஸ்க்ல இருந்தே ஓஎஸ்ஸ ஓட்டும்போது, மெனுவத் தொட்டா ட்ரைவ் விர்ர்ருன்னு சுத்தி, நின்னு, மறுபடி சுத்தி, நீங்க டீ போட்டு வந்துடலாம். அப்புறம் முதல் டிஸ்க்க நானே வீணாக்குனேன். அவசரத்துல ஐஎஸ்ஓவ இழுத்து டேட்டா டிஸ்க்கா எரிச்சுட்டேன், தொறந்து பாத்தா உள்ள ஒரே ஒரு ஃபைல், அதே ஐஎஸ்ஓ சமத்தா உக்காந்துருக்கு. இமேஜா எரிக்கணும், ஃபைலா இல்ல. இருபது வருஷமா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டு நானே பண்ணேன், யார்கிட்ட சொல்ல.

சரி, ரூஃபஸ். விண்டோஸ்ல இருந்து எழுதுறவங்களுக்கு இதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, சின்ன ப்ரோக்ராம், இன்ஸ்டால் கூட வேணாம், வேலைய முடிச்சுடும். லினக்ஸ் இமேஜ் குடுத்தா ஐஎஸ்ஓ மோடா (ஃபைல்களா காப்பி பண்றது) டிடி மோடா (இமேஜ அப்படியே எழுதுறது)ன்னு கேக்கும், முதல்ல ஐஎஸ்ஓ மோடு, பூட் ஆகலன்னா டிடி. டிடி மோடுல எழுதுன அப்புறம் விண்டோஸ்ல பென்டிரைவ் சில எம்பி மட்டும் காட்டி பயமுறுத்தும், செத்துப் போகல, விண்டோஸோட டிஸ்க்பார்ட் கமாண்ட்ல க்ளீன் குடுத்து ஃபார்மேட் பண்ணா திரும்பி வந்துடும். லினக்ஸ்ல நேரடியா டிடி கமாண்ட் அடிக்கிறவங்க டிஸ்க்குக்கு லினக்ஸ் வச்ச பேரு எஸ்டிஏவா எஸ்டிபியான்னு ரெண்டு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க, ஒரு எழுத்து மாறுனா ஹார்ட்டிஸ்க் போச்சு. விண்டோஸ் 11 போடுறவங்களுக்கு டிபிஎம் (செக்யூரிட்டி சிப்), செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாதத பூட் ஆக விடாத பாதுகாப்பு) தடைய எடுத்து விடுற வசதியும் ரூஃபஸ்ல இருக்கு, அந்த வேலைக்கு நான் இன்னிக்கும் ரூஃபஸ்தான் எடுப்பேன்.

இப்ப என் முடிவ மாத்துன விஷயத்துக்கு வரேன். வேகமோ காசோ இல்ல. பீட்டா இமேஜுக்கு ஆயுசு கம்மி, அவ்வளவுதான். வெளியான ஓஎஸ்ன்னா ஒரு டிஸ்க் எரிச்சு ரெண்டு வருஷம் அதையே ஓட்டலாம். பீட்டா காலத்துல நேத்து எரிச்சது இன்னிக்குப் பழசு. டெய்லி பில்டுன்னு தினம் ஒரு இமேஜ் வருது, நடுவுல பீட்டா, கடைசில ஃபைனல்.

இந்தத் தடவை அது எப்படின்னு ஊருக்கே தெரிஞ்சுது. நான் மார்ச் கடைசி வாரத்துல ஒரு டெய்லி இமேஜ ஒழுங்கா எரிச்சு, பூட் பண்ணி, "அப்பாடா"ன்னு உக்காந்தேன். மார்ச் 29 அன்னிக்கு, லினக்ஸ்ல ஃபைல் சுருக்கப் பயன்படுற எக்ஸ்இசட்ங்கிற ப்ரோக்ராம் விவகாரம் வெடிச்சுது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ன்னு ஒருத்தர், தூரத்து மெஷினுக்குள்ள நுழையுற எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப் போயி, எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் யாரோ பின்கதவு வச்சிருக்கிறதக் கண்டுபிடிச்சார். உபுண்டுல அந்த வெர்ஷன் சோதனைக் கிடங்கு வரைக்கும்தான் வந்திருந்துச்சு, ஆனாலும் அது வந்த நாளுக்கு அப்புறம் 24.04க்காகக் கட்டுன பேக்கேஜ் எல்லாத்தையும் தூக்கிட்டு முதல்ல இருந்து கட்டுறோம்னு உபுண்டு கம்பெனியான கேனானிகல் முடிவெடுத்தாங்க. ஏப்ரல் 4ல வரவேண்டிய பீட்டா ஒரு வாரம் தள்ளிப் போச்சு. என் டிவிடில விஷம் ஒண்ணும் இருந்திருக்காது, இருந்தாலும் அதை வச்சு இன்ஸ்டால் பண்ண மனசு வரல. தூக்கிப் போட்டேன். பீட்டா வந்ததும் இன்னொரு டிஸ்க். சித்தப்பா எட்டிப் பாத்து, "இன்னொண்ணா டா? இத வச்சு காக்கா தான் வெரட்டணும்"ன்னார்.

ஒருதரம் இன்ஸ்டால் ஆகிட்டா அப்டேட் போட்டுக்கிட்டே ஃபைனலுக்கு வந்துடலாமே, எதுக்கு மறுபடி இமேஜ்னு கேட்டா, நியாயம்தான். ஒரே மெஷின்னா நானும் அதைத்தான் சொல்லுவேன். எனக்கு என் லேப்டாப்புலயும் பாக்கணும், ஃப்ரெண்டு மெஷின்லயும் பாக்கணும், அதோட இன்ஸ்டாலரே சரியாச்சான்னு பாக்கணும்னா புது இமேஜ்தான் வழி.

இங்கதான் வென்டாய் தனியா நிக்குது. 2020ல வந்தது. பென்டிரைவ்ல ஒருதரம் போட்டா ரெண்டு பார்டிஷன் பண்ணும், ஒண்ணு பெருசு, சாதாரண எக்ஸ்ஃபேட், இன்னொண்ணு 32 எம்பி, அது பூட்டுக்கு, அதுல கை வைக்காதீங்க. அவ்வளவுதான், அப்புறம் பாட்டு காப்பி பண்ற மாதிரி ஐஎஸ்ஓவ பெரிய பார்டிஷன்ல போட்டா போதும். பூட் பண்ணா பட்டியல் காட்டும், ஏதோ ஒண்ண எடுத்துக்கலாம். டெய்லியும் இருக்கும், பீட்டாவும் இருக்கும், பக்கத்துலயே 22.04ம் இருக்கும், பீட்டா சொதப்புனா பழசுல பூட் பண்ணி இது என் மெஷின் தகராறா புதுசோட தகராறான்னு அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம். டிவிடிலயும் டிடிலயும் இதுக்கு மறுபடி எரிக்கணும், மறுபடி எழுதணும்.

இதோட இசட்சிங்க் சேத்துக்கிட்டா இன்னும் சுகம். உபுண்டு இமேஜ் பக்கத்துல அதுக்குன்னு ஒரு சின்ன ஃபைல் வச்சிருப்பாங்க, கைல இருக்கிற பழைய ஐஎஸ்ஓவக் காட்டுனா மாறுன துண்டுகள மட்டும் இழுத்து புதுசக் கட்டிக் குடுக்கும். மிச்சம் ஆகுற டேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்ல. எனக்கு ஒருதரம் பாதிக்கு மேல மிச்சம், பீட்டா அன்னிக்கு எல்லாம் புதுசாக் கட்டுனதால கிட்டத்தட்ட முழுசாவே இறங்குச்சு.

வென்டாய்ல நான் சறுக்குனது ஒரு இடம், தப்பு என்னோடது. லினக்ஸ்ல காப்பி பட்டை நூறு சதவீதம் காட்டுச்சு, சட்டுன்னு பென்டிரைவப் புடுங்கிட்டேன். என் லேப்டாப்புல சொருகி பூட் பண்ணா பாதில ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர், அதாவது ஐஎஸ்ஓக்குள்ள சுருக்கி வச்ச ஃபைல்களப் படிக்க முடியலங்கிற எரர், வரி வரியா ஓடுது. பீட்டால பெரிய பக் கண்டுபிடிச்சுட்டோம்னு ரிப்போர்ட் எழுத உக்காந்து, மூணு பத்தி எழுதுன அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. பட்டை காட்டுறது மெமரிக்குப் போனத, பென்டிரைவுக்குப் போயி முடிய இன்னும் சில நிமிஷம் ஆகும். சிங்க் கமாண்ட் அடிங்க, இல்ல எஜெக்ட் குடுத்துட்டு அது விடுற வரைக்கும் பொறுங்க. வென்டாய் மெனுலயே ஐஎஸ்ஓ மேல நின்னு எம் கீய அழுத்துனா செக்சம், அதாவது ஃபைல் முழுசா சரியா இருக்கான்னு பாக்குற எண், கணக்குப் போட்டுக் காட்டும், டவுன்லோட் பக்கத்துல எஸ்எச்ஏ256ன்னு இருக்கிற எண்ணோட ஒப்பிட்டுடுங்க. பீட்டால இது ரொம்ப முக்கியம், இல்லன்னா குத்தம் ஓஎஸ்லயா பென்டிரைவ்லயான்னு கடைசி வரைக்கும் தெரியாது. இன்னொண்ணு, வென்டாய்க்குப் புது வெர்ஷன் வந்தா அப்டேட் பட்டன அழுத்துங்க, இன்ஸ்டால் அழுத்துனா மொத்தமும் ஃபார்மேட்.

செக்யூர் பூட் ஆன்ல இருக்கிற மெஷின்ல முதல் தடவை நீலத் திரை வந்து நிக்கும். என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க் போயி அதுக்குன்னு வச்சிருக்கிற சான்றிதழ் ஃபைலத் தேர்ந்தெடுத்தா அந்த மெஷின்ல மறுபடி கேக்காது. வேற ஒருத்தர் ஆபீஸ் லேப்டாப்புல இதப் பண்ணாதீங்க. வென்டாயோட சோர்ஸ் கோடுக்குள்ளயே, எதுல இருந்து கட்டுனதுன்னு கோட் காட்டாத ரெடிமேட் பைனரி ஃபைல்கள் கிடக்குதேன்னு எக்ஸ்இசட் விவகாரத்துக்கு அப்புறம் பல பேர் கேட்டாங்க, கேள்வி நியாயமானது. பேங்க் வேலை பாக்குற மெஷினுக்கு ஃபைனல் இன்ஸ்டால் பண்ணும்போது நான் தனி பென்டிரைவ்ல டிடிதான் அடிக்கிறேன், விளையாட்டு மெஷினுக்கு வென்டாய்.

அப்ப டிவிடிக்கு வேலையே இல்லையான்னா, சித்தப்பா மெஷின் இருக்கே. யூஎஸ்பில எழுந்திருக்காத பயாஸுக்கு ப்ளாப் பூட் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, சில எம்பிகூட இருக்காது, அதை ஒரே ஒரு டிஸ்க்ல எரிச்சு அதுல பூட் பண்ணி அங்க இருந்து யூஎஸ்பிக்குத் தாவலாம். மிச்சம் இருந்ததுல ஒரு டிவிடிய அதுக்குத்தான் எரிச்சேன். அந்த மெஷின்ல வென்டாய் மெனு வந்துச்சு, லுபுண்டு லோட் ஆக டிவிடியே தேவலாம்னு தோணுற அளவுக்கு நேரம் எடுத்துச்சு, ஆனா வந்துச்சு. நான் பாத்தது இந்த ஒரு மெஷின்லதான், வேற போர்டுல கீபோர்டே செத்துப் போச்சுன்னு சொன்னவங்களும் உண்டு.

ஏப்ரல் 25 ஃபைனல் வந்த அன்னிக்கு அதே பென்டிரைவ்ல பீட்டா ஐஎஸ்ஓவ டெலீட் பண்ணிட்டு புதுசக் காப்பி பண்ணேன், சிங்க் அடிச்சேன், சித்தப்பாவோட நிஜ டிஸ்க்ல போட்டுக் குடுத்தேன். வீணான ரெண்டு டிவிடியும் இப்ப அவர் மாடில கொய்யா மரத்துக்கு மேல கயிறு கட்டித் தொங்குது.