நாலு சீசன், ஒரு டிடெக்டர், 58 கிராம்: மேற்கு ஆஸ்திரேலியா செம்மண்ல தங்கம் தேடின அனுபவம்

நான் பெர்த்ல இருக்கேன். நாலு சீசனா மெட்டல் டிடெக்டர தூக்கிட்டு கால்கூர்லிக்கு வடக்கே மென்சீஸ், லியோனோரா பக்கம் போய்ட்டு வரேன். வாங்குறதுக்கு முன்னாடி தேடினப்போ பாத்த ரிவ்யூ முக்கால்வாசி பெட்டியப் பிரிச்சு ரெண்டு நாள்ல எழுதினது, வருஷக்கணக்கா புழுதியில அடிச்சுப் பாத்துட்டு தமிழ்ல யாராவது எழுதியிருக்காங்களான்னு பாத்தா ஒண்ணு கூட என் கண்ணுல படல. அதான் எழுதறேன்.

கணக்க முதல்லயே சொல்லிடறேன். 11 ட்ரிப், 74 நகெட் (மண்ணுல இயற்கையா கிடைக்கிற தங்கக் கட்டி), மொத்தம் 58 கிராம், நம்ம கணக்குல ஏழே கால் சவரன். பெருசு 9.4 கிராம், சிறுசு 0.08 கிராம், சரியா ஒரு கடுகு. மெஷினுக்கு மட்டும் 8000 டாலர் கிட்ட ஆச்சு, டீசல், டயர், சாப்பாடு தனி. மாடல் பேரு போடல, ஏன்னா இங்க நான் சொல்றது பல்ஸ் இண்டக்‌ஷன் வகை மெஷின் எதுக்கும் பொருந்தும், அது என்னன்னு கீழ சொல்றேன்.

பாலைவனம்னதும் மணல் மேடு, ஒட்டகம்னு நினைக்காதீங்க (ஒட்டகமும் இருக்கு, காட்டு ஒட்டகம்). இந்தப் பக்கம் செம்மண், செம்பூராங்கல், முல்கா மரம், நடு நடுவுல காஞ்ச உப்பு ஏரி. பெர்த்ல இருந்து கால்கூர்லி 600 கிலோமீட்டர், அங்கருந்து மென்சீஸ் இன்னொரு 130. 1892-ல கூல்கார்டில தங்கம் கிடைச்சு, அடுத்த வருஷம் கால்கூர்லில கிடைச்சு ஊர் ஊரா ஜனம் வந்து குவிஞ்சது, ஆனா குடிக்கவே தண்ணி இல்ல, பைப்லைன் தண்ணி வந்ததே 1903-ல தான். தண்ணியில அலசி தங்கம் எடுக்க வழியில்லாம அவங்க மண்ண காத்துல தூத்தியே எடுத்திருக்காங்க, நம்ம ஊர்ல களத்துல நெல்லு தூத்துவாங்களே அதே மாதிரி, அதுக்கு ட்ரைப்ளோயிங்னு பேரு. அவங்க தூத்திப் போட்ட மண் குவியல் இன்னிக்கும் சின்னச் சின்ன மேடா அப்படியே கிடக்கு. எனக்கு கிடைச்சதுல பாதிக்கு மேல அந்த மேட்டச் சுத்தி 50 மீட்டருக்குள்ள கிடைச்சதுதான். புது இடம் தேடி நாள வீணாக்காதீங்க, பழைய ஆளுங்க எங்க வேலை பாத்தாங்களோ அங்க போங்க.

சாதா டிடெக்டர் இங்க ஏன் எடுபடாதுன்னு கொஞ்சம் சொல்லணும். இந்த மண்ணு முழுக்க இரும்பு, அதனால விஎல்எஃப்னு சொல்ற சாதா மெஷினுக்கு மண்ணே ஒரு டார்கெட் மாதிரி கத்தும். பல்ஸ் மெஷின் என்ன செய்யும்னா கீழ தரைய ஒட்டி இருக்கிற வட்டமான காயில்ல (கம்பிச் சுருள்) கரண்ட்ட விட்டு டக்குனு நிறுத்திடும், அந்த நேரத்துல உலோகத்துக்குள்ள ஒரு சுழல் கரண்ட் உண்டாகி மெல்ல அடங்கும், மண்ணோட பதில் அடங்குற விதம் வேற, உலோகத்தோடது அடங்குற விதம் வேற, அந்த வித்தியாசத்தத்தான் மெஷின் கேக்குது. ஆனா இது ஆணியா தங்கமான்னு அது நம்பிக்கையா சொல்லாது. சத்தம் வந்துச்சா, தோண்டணும்.

முதல் வருஷம் மூணு ட்ரிப், ஒரு பொட்டு தங்கம் கிடையாது. மெஷின்லதான் கோளாறுன்னே நினைச்சேன். மூணாவது ட்ரிப் கடைசி நாள், பக்கத்துல கேம்ப் போட்டிருந்த ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு என் கையப் புடிச்சு நிறுத்தினார். காயில் தரைய உரசிட்டே போகணும், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போக நாலு செகண்டாவது ஆகணும், நீ புல்லு வெட்டுற மாதிரி வீசுறன்னார். அடுத்த ட்ரிப் முதல் நாள் காலையிலயே 0.6 கிராம். மெஷின் அதே மெஷின் தான்.

மெஷின் ஓடிட்டு இருக்கும்போது காதுல சன்னமா ஒரு ரீங்காரம் இருந்துட்டே இருக்கும், த்ரெஷ்ஹோல்ட்னு சொல்வாங்க. நகெட் வந்தா பீப்னு அடிக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஆழத்துல இருக்கிறதுக்கு அந்த ரீங்காரம் லேசா நெளியும், அவ்ளோதான். என்னோட 9.4 கிராம் அப்படித்தான் வந்துச்சு. நெளியுது, திரும்ப அதே எடத்துல நெளியுது, குறுக்கால ஓட்டினாலும் நெளியுது. பூட்ஸால மேல் மண்ணத் தள்ளினேன், சத்தம் கூடிச்சு. பிக்காசுல கொத்த ஆரம்பிச்சேன், பின்பக்கம் காந்தம் ஒட்டியிருக்கேன், இரும்புத் துகள் இருந்தா அதுலயே ஒட்டிக்கும், எதுவும் ஒட்டல. முழங்கை ஆழம் போனதும் குழியில சத்தம் இல்ல, அப்ப எடுத்துப் போட்ட மண்ணுல இருக்கு. ப்ளாஸ்டிக் ஸ்கூப்ல அள்ளி காயில் மேல காட்டணும், சத்தம் வந்தா பாதியக் கொட்டணும், மிச்சத்தக் காட்டணும், திரும்ப பாதி. கடைசியில ஒரு கைப்பிடி மண்ண காயில் மேலயே மெதுவா உதுத்தேன், டொக்குனு ஒரு கனமான சத்தம். கல்லு விழுற சத்தம் வேற, தங்கம் விழுற சத்தம் வேற, ஒரு தடவ கேட்டா மறக்காது. எச்சி தொட்டு துடைச்சதும் மஞ்சள் தெரிஞ்சுது, கை நடுங்கிடுச்சு எனக்கு.

ஒரு நகெட்டுக்கு எனக்கு சராசரியா 20 குப்பையாவது ஆகுது. பூட்ஸ் ஆணி, கறி டின் மூடி, தோட்டா உறை, ஈயக் குண்டு. ஈயக் குண்டுதான் ரொம்ப ஏமாத்தும், சத்தத்துல அப்படியே தங்கம் மாதிரி, கையிலயும் கனமா இருக்கும். குப்பை நிறைய வர இடத்த விட்டு ஓடாதீங்க, பழைய ஆளுங்க தங்கி இருந்த இடம் அது.

நாள்பட்ட உபயோகத்துல நான் பாத்த குறைகள். காயிலுக்கு அடியில மாட்டுற ப்ளாஸ்டிக் கவருக்குள்ள இரும்பு மண்ணு நுழைஞ்சிடும், அது அங்க அசையும்போதெல்லாம் பொய் சத்தம் வரும், தெனமும் சாயங்காலம் கழட்டி துடைச்சே ஆகணும். ரெண்டாவது சீசன்ல காயில் வயர் கைப்பிடிகிட்ட லூஸ் ஆகி அரை நாள் வெறும் சத்தத்த துரத்திட்டு இருந்தேன், இப்போ வெல்க்ரோ பட்டை போட்டு கட்டிடறேன். வாரண்டில அனுப்பினப்போ ஏழு வாரம் ஆச்சு, பதில் கூட ஒழுங்கா வரல, சீசன்ல பாதி போச்சு, அது இன்னும் எனக்கு வருத்தம் தான். போன் பாக்கெட்ல இருந்தா மெஷின் புலம்பும், ஏரோப்ளேன் மோடுல போடுங்க. கரண்ட் லைன் பக்கம் போகவே வேண்டாம். முனையில இரும்பு வச்ச ஸ்டீல் டோ ஷூ வேண்டவே வேண்டாம், அதுக்கும் மெஷின் கத்தும்.

சட்டம். தங்கம் தேட மைனர்ஸ் ரைட்னு (Miner's Right) ஒரு அனுமதி கார்டு எடுக்கணும், ஒரு தடவ எடுத்தா ஆயுசுக்கும் போதும். ஆனா அது இருந்தா எங்கயும் போலாம்னு அர்த்தம் இல்ல. கம்பெனி எக்ஸ்ப்ளோரேஷன் லைசென்ஸ் (கனிமம் தேடுற உரிமம்) வச்சிருக்கிற நிலத்துக்கு செக்‌ஷன் 40-ஈ பர்மிட் தனியா வேணும், யார் கையில எந்த நிலம்னு டெங்கிராஃப்ங்கிற அரசாங்க மேப்ல இலவசமா பாக்கலாம். ரெண்டு மீட்டருக்கு மேல தோண்டக் கூடாது, தோண்டின குழிய மூடணும். தயவு செஞ்சு மூடுங்க, அந்த நிலத்துல மாடு மேயுது, கால் உடைஞ்சா அதுக்கு யாரு வருவா.

ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தான் போவேன். நம்ம ஊருக்கு நேர்மாறா இங்க டிசம்பர், ஜனவரிதான் வெயில் காலம், அப்ப 40 டிகிரிக்கு மேல, போகாதீங்க. என் மனைவி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "ஏங்க, சிக்னல் இல்லாத எடத்துல உங்களுக்கு ஏதாவது ஆனா எனக்கு எப்படிங்க தெரியும்?" அன்னிக்கே ஆபத்துன்னா சேட்டிலைட் வழியா உதவி கேக்குற பீக்கன் வாங்கினேன், அது இடுப்புலயே இருக்கும், வண்டியில இல்ல. ஆளுக்கு தெனம் பத்து லிட்டர் தண்ணி வச்சுக்கறேன். வண்டி நிக்கிற இடத்த ஜிபிஎஸ்ல குறிக்காம பத்தடி கூட நகர மாட்டேன், முல்கா காட்டுல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பழைய சுரங்கக் குழி மூடாம திறந்து கிடக்கும், காதுல ஹெட்போன், கண்ணு தரையில, பின்னாடி நடக்கவே நடக்காதீங்க.

வெங்கச்சங்கல்லோட (குவார்ட்ஸ்) ஒட்டின தங்கம் கிடைச்சா உடைக்காதீங்க, ஸ்பெசிமன்னு அதுக்கு தனி மதிப்பு. எவ்ளோ தங்கம் இருக்குன்னு வீட்லயே பாக்கலாம். எனக்கு கிடைச்ச கல்லு 21 கிராம், நூல்ல கட்டி தண்ணில தொங்கவிட்டா 15 கிராம், அப்ப கன அளவு 6 கன சென்டிமீட்டர். வெறும் வெங்கச்சங்கல்லா இருந்தா 6-ஐ அந்தக் கல்லோட அடர்த்தி 2.65-ஆல பெருக்கினா 15.9 கிராம்தான் இருக்கணும், கூட இருக்கிற 5.1-ஐ 1.16-ஆல (தங்கம், கல்லு ரெண்டோட அடர்த்தியில இருந்து வர எண்) பெருக்கினா கிட்டத்தட்ட 5.9 கிராம் தங்கம். இத மேல சொன்ன 58-ல சேக்கல.

வாங்கலாமான்னு கேட்டா, வருஷத்துக்கு ரெண்டு மூணு வாரமாவது போக முடியும்னா வாங்குங்க, இல்லன்னா வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பெர்த் மின்ட்ல (நாணயச் சாலை) 25.5 கிலோ நார்மண்டி நகெட் இருக்கு, அதப் பாத்துட்டு வந்த சூட்டுல முடிவு எடுக்காதீங்க.

வர மே மாசம் அந்த 9.4 கிராம் கிடைச்ச இடத்துக்கே திரும்பப் போறேன். போன தடவ இடுப்புல சங்கிலி கட்டி இழுத்துக்கிட்டு வடக்கு தெற்கா மட்டும்தான் ஓட்டினேன், கோடு தெரியும்ல, அதுக்கு. இந்த தடவ 17 இன்ச் காயில் போட்டு அதே துண்ட கிழக்கு மேற்கா ஓட்டணும்.