மழைக்கால சைக்கிள் பயணம்: முன்னறிவிப்பு, ரேடார் படம், ரெயின் ஜாக்கெட் குறித்து ஒரு மதிப்பீடு

வேளச்சேரியிலிருந்து தேனாம்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் செல்கிறேன். ஒரு வழி ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கிண்டி, சைதாப்பேட்டை நெரிசலையும் சேர்த்தால் 40 நிமிடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த 40 நிமிடத்துக்குள் மழை வருமா, எதை உடுத்திக்கொண்டு கிளம்புவது என்பதே காலையில் எழுந்ததும் வரும் முதல் கேள்வி. அதற்கு விடை தேடி மூன்று மழைக்காலங்களாக நான் பார்த்துவரும் வானிலைச் சேவைகளையும், அவற்றை நம்பி வாங்கிய ஒரு ஜாக்கெட்டையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

கைபேசியோடு சேர்ந்தே வந்த வானிலைச் செயலியைத்தான் முதலில் நம்பினேன். மணிவாரியாகச் சூரியன், மேகம், மழைத்துளி என்று அது காட்டும் படங்கள் மிகத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவே என்னை ஏமாற்றியது. சென்ற நவம்பரில் ஒரு நாள் காலை 8 மணிக்கு அது சூரியனைக் காட்டியதால் பருத்திச் சட்டையோடு கிளம்பினேன். சின்னமலையைத் தாண்டுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். இது அந்த ஒரு செயலியின் குறை மட்டுமன்று. இத்தகைய செயலிகள் பெரும்பாலும் உலக வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகளைச் சார்ந்தவை. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரி பூமியை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் கட்டங்களாகவும், ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகவும் பிரித்துக் கணக்கிடுகின்றன. சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு மழைமேகம் அந்தக் கட்டங்களில் தனித்துத் தெரிவதில்லை. என் பயணம் முழுவதுமே ஒரு கட்டத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும் என்னும்போது, வேளச்சேரிக்கு 8 மணி, 9 மணி என்று தனித்தனியே படம் போடுவதைப் பார்த்து உடையைத் தேர்ந்தெடுப்பது சரியன்று.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். 'நகரின் ஒரு சில பகுதிகளில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்ற வரியை வானொலியில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. லேசான மழை என்றால் 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர், மிதமான மழை என்றால் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர். மாவட்ட அறிக்கைகளில் வரும் 'ஓரிரு இடங்களில்' என்பது கால்பங்கு இடங்களுக்கு மேற்படாத மழையைக் குறிக்கும். அந்த மழை இரவு 2 மணிக்குப் பெய்தாலும் அறிக்கை சரியானதே. நான் நந்தனம் சிக்னலில் நிற்கும்போது ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் சரியானதே. பலரும் குறைசொல்வதுபோல அந்த அறிக்கை பொய்த்துப்போவதில்லை. சைக்கிளில் போகிறவர் கேட்கும் கேள்விக்கு விடையாக அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். வீட்டில் மழைக்குத் தேவையானதை எடுத்து வைப்பதற்கு முந்தின நாள் அறிக்கை போதும். கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்கப் போதாது.

அந்தத் தீர்மானத்துக்கு ரேடார் படமே துணை. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல், மழைமேகங்களைக் கண்டறியும் டாப்ளர் ரேடார் இருக்கிறது. பள்ளிக்கரணையில், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், இன்னொன்று நிறுவப்பட்டுள்ளது. இவற்றின் படங்களை வானிலைத் துறையின் தளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். படத்தில் உள்ள நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள் பழைய படம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். நான் கிளம்புவதற்கு முன் 20 நிமிட இடைவெளியில் இரண்டு படங்களைப் பார்க்கிறேன். அதற்குள் மழைத்திரள் 10 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். கடலுக்குள் 25 கிலோமீட்டர் தொலைவில் அதன் விளிம்பு இருந்தால், கரைக்கு வர 50 நிமிடம் ஆகும். நான் உடனே புறப்பட்டால் நனையாமல் போய்ச் சேரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் மேற்கிலிருந்து நகர்ந்துவரும் இடிமழைக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் அவ்வளவு பொருந்துவதில்லை. கரைக்கு அருகிலேயே, வெறும் கடலாகத் தெரிந்த இடத்தில், அரை மணி நேரத்துக்குள் புதிய மேகம் திரண்டு பெய்துவிடுகிறது; ரேடார் இருப்பதைக் காட்டுமே தவிர, இனி பிறக்கப்போவதைக் காட்டாது. அப்படியும், நான் பயன்படுத்தியவற்றில் இதற்கு நிகரான சேவை வேறில்லை.

இனி ஜாக்கெட்டுக்கு வருகிறேன். 10,000 மில்லிமீட்டர் நீர்த்தடுப்புத் திறன் கொண்டது (அதாவது அத்தனை உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும்), வியர்வை ஆவியை வெளியேற்றக்கூடியது என்ற விளம்பரத்தைப் பார்த்து 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. அந்தச் சொல்லை அது காப்பாற்றியது. ஆனால் கிண்டியை அடைவதற்குள் சட்டை முழுவதும் வியர்வையில் ஊறிப்போனது. இத்தகைய துணி, உள்ளேயும் வெளியேயும் உள்ள நீராவி அழுத்த வேறுபாட்டைக் கொண்டுதான் ஆவியை வெளியே தள்ளுகிறது. குளிர்நாட்டில் அந்த வேறுபாடு மிகுதி. சென்னையில் மழை நாளில் காற்றே 26, 27 டிகிரியில் நீராவி நிறைந்து நிற்பதால் ஆவி போக வழியில்லை. விலை கூடிய ஜாக்கெட்டை வாங்கினாலும் இது பெரிதாக மாறாது என்பதால், நம் ஊர்ச் சமவெளிப் பயணத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போஞ்சோ போன்ற அகலமான மேலாடை காற்றோட்டமாக இருந்தாலும், எதிர்க்காற்றில் பாய்மரம்போல் விரிந்து வண்டியை இழுக்கிறது. அதன் நுனி சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

எனவே முன்னறிவிப்பு தவறினாலும் இழப்பு குறைவாக இருக்கும்படி உடுத்துவதே நான் கண்ட வழி. பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்து, உலரவும் நேரம் எடுக்கும்; மெல்லிய பாலியஸ்டர் டிஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் மழை விட்ட கால்மணி நேரத்தில் காற்றிலேயே பாதி உலர்ந்துவிடும். ஷூவுக்குப் பதில் வார்வைத்த ரப்பர் செருப்பு. கண்ணில் நீர் அடித்தால் பள்ளம் தெரியாது என்பதால், ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்பு உள்ள தொப்பி மிக அவசியம். அலுவலக உடை, துண்டு, கைபேசி ஆகியவை வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் போய்விட வேண்டும். ஜாக்கெட்டுக்குச் செலவிட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட அந்தப் பைக்கு ஆகவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட உள்ளே ஈரம் புகுந்ததில்லை. இரண்டு சக்கரத்துக்கும் முழுநீள மட்கார்டு போட்டபின் முதுகில் சேறு தெறிப்பதும் நின்றது.

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சைக்கிள் ஏறுபவர்களுக்கு இது பொருந்தாது. ஏறும்போது வியர்த்த உடல், இறக்கத்தில் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது நடுங்கிப்போகும். அங்கே அந்த ஜாக்கெட் கொடுத்த விலைக்குத் தகும். அதனால் அதை விற்காமல் வைத்திருக்கிறேன்.

ரேடாரில் மழைத்திரள் சிவப்பாகத் தெரிந்து இடியும் கேட்டால் எந்த உடையும் உதவாது. அன்று நான் சைக்கிளை எடுப்பதில்லை. வேளச்சேரி நிலையத்துக்கு நடந்துபோய்ப் பறக்கும் ரயிலைப் பிடித்துவிடுகிறேன்.