பேய் நடைக்கு எது சரி: தனுஷ்கோடியா, அரண்மனையா, கீழக்கரையா?

சித்தப்பா மகன் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்துவிட்டு வந்தவன். அங்கே ராத்திரியானால் கறுப்பு அங்கி போட்ட ஆள் ஒருவர் பழைய சந்துகளில் முன்னே நடந்து பேய்க்கதை சொல்வாராம். பின்னால் இருபது பேர் காசு கொடுத்துப் பயப்படுவார்களாம். "நம்ம ராமநாதபுரத்துல இப்படி ஒண்ணும் இல்லையாண்ணே?" என்று கேட்டான். டிக்கெட் கிழித்துக் கூட்டிப்போகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் ஊர் தெரிந்தவர் துணையோடு நடக்க மூன்று இடம் உண்டு. மூன்றுக்கும் அவனைக் கூட்டிப்போனேன்.

முதலில் தனுஷ்கோடி, வேறெங்கே? இணையத்தில் தேடினால் 'பேய் நகரம்' என்று முதலில் வந்து நிற்பது அதுதான். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு சொந்தக் காரிலேயே போய்விடலாம். அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிப்போன வேன் பயணமே பாதி திகில். இப்போது கூரையில்லாத தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களும்தான் கண்ணுக்கு விருந்து. 1914-லிருந்து சென்னையில் ரயில் ஏறியவர் இங்கே இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னார் போவார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். சுங்கம், தபால் நிலையம் எல்லாம் அதனால் வந்தவை. அந்த ஊர் 1964 புயலில் ஒரே ராத்திரியில் போயிற்று.

கண்ணுக்கு இது முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் பேய் நடை என்று பார்த்தால் இதில் அடிப்படைக் கோளாறு ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்தால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். மொட்டை வெயிலில், அன்னாசிப்பழத் துண்டு கடித்துக்கொண்டு, எந்தப் பேய்க்குப் பயப்படுவது?

எங்களோடு வந்த வழிகாட்டி அதையும் சமாளித்தார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சரை அலை அடித்துப் போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். இது நடந்தது. அதன் வாலில் அவர் ஒட்டவைத்தது, அமாவாசை ராத்திரியில் அந்த ரயில் இன்னமும் ஊதுகிறது என்பது. வெளியாள் ராத்திரி தங்கவே முடியாத இடத்தில் கேட்டது யார் என்றால் சிரிக்கிறார்.

சங்கு, பாசிமாலை விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் தம்பி கேட்டான். அங்கேயே குடிசை போட்டு, மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்து வாழ்கிற மீனவக் குடும்பம்.

"பேயா? எங்க மாமியா அந்தப் புயல்ல தம்பிய விட்டுச்சு. பேயா வந்தாவது வாசல்ல நிக்கட்டுமேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. எங்க வந்தான்?"

அதன்பிறகு வழிகாட்டியின் ரயில் கதை எங்களுக்கு ருசிக்கவில்லை. தனுஷ்கோடிக்குப் போங்கள், பேய்க்கதை சொல்பவரை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அறுபத்துநாலைப் பார்த்த பெரியவர்கள் ராமேஸ்வரத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போனால் அந்தச் சுவர்கள் வேறுமாதிரி தெரியும்.

இரண்டாவது, ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். இதுவும் பகல் சமாச்சாரம்தான். சுவரெல்லாம் இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் கால ஓவியம்: ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள், தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது. 1798 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை அலைக்கழித்து இங்கேதான் வரவழைத்தார். பேச்சு முற்றி, தப்பிக்கிற கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தார். எடின்பரோவாக இருந்தால் இந்தக் கிளார்க்கைத் தினம் ராத்திரி எட்டு மணிக்குத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவிட்டிருப்பார்கள். நம்மூரில் அவரை யாரும் பேயாகக்கூட மதிக்கவில்லை! வரலாறு பிடித்தவருக்கு இரண்டு மணி நேரம் போதாது. பயம் தேடி வருபவருக்குப் பத்து நிமிடம்.

அடுத்தது கீழக்கரை. ராமநாதபுரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர். முத்தும் சங்கும் குளித்த ஊர், இலங்கை வியாபாரத்தில் நிமிர்ந்த வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகள். ராத்திரி நடக்கத் தடை எதுவும் கிடையாது. ஆனால் வீட்டுவாசல்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு திரியக்கூடாது. உள்ளூர் ஆள் துணையில்லாமல் போவதும் அழகல்ல.

எங்களுக்குத் துணை வந்தவர் நண்பனின் காக்கா, அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ராத்திரி இஷா தொழுகை முடித்து வந்தார். "இங்க பேய் உண்டா காக்கா?" என்றான் தம்பி. "பேயெல்லாம் இல்ல தம்பி. ஜின் உண்டு. அதை ராத்திரில பேசக்கூடாது." அவ்வளவுதான், மேற்கொண்டு வாயே திறக்கவில்லை. தம்பி அதன்பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அங்கி போட்ட ஆளுக்குக் கொடுத்த காசெல்லாம் வீண் என்று அப்போதுதான் புரிந்திருக்கும்.

ஜின்னைப் பேசாத காக்கா, கருங்கல்லில் கோயில் மண்டபம் மாதிரி எழும்பிய பழைய ஜும்மா பள்ளிவாசலின் பக்கம் வந்ததும் பேச ஆரம்பித்தார். பதினேழாம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. கிழவன் சேதுபதியின் நண்பர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். அவர் இறந்த சேதி தெரியாமல் புலவர் ஒருவர் பரிசு வாங்க வந்தாராம். அடக்கம் ஆகிவிட்டது என்றதும் கபுறடியில் விழுந்து அழுதாராம். மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் போட்ட கை வெளியே நீண்டதாம். செத்தும் கொடுத்தான் சீதக்காதி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பழமொழியாக மனப்பாடம் செய்ததுதான். இருட்டில், அவர் அடங்கிய ஊரிலேயே நின்று கேட்டபோது முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. கல்லறையிலிருந்து கை நீளுகிற கதை எந்த நாட்டிலும் இருக்கும். பயமுறுத்தாமல் கொடுத்துவிட்டுப் போகிற கையை நான் இங்கேதான் கேட்டேன்.

ஆக, பேய் நடை என்று கேட்டால் என் ஓட்டு கீழக்கரைக்கு. ஒரே நாளில் இரண்டு பார்க்கவேண்டுமானால் காலையில் அரண்மனை, மாலையில் கீழக்கரை. தனுஷ்கோடிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். கீழக்கரையில் தொதல் என்கிற இனிப்பு வாங்க நினைத்தால் நடைக்கு முன்னாலேயே வாங்கிவிடவும். நாங்கள் திரும்பி வருவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.