யமஹா எண்டியூரோ 15: பழைய இயந்திரத்தைத் திருத்திப் பாவிக்கலாமா?

பருத்தித்துறையில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த யமஹா எண்டியூரோ 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தைத் தன் 18 அடிக் கண்ணாடியிழைப் படகுக்கு வாங்கும் எண்ணத்தில், என் மைத்துனர் என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு சிலிண்டர், 246 சீசீ, பெற்றோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக். “ஒரு நாளும் கழற்றாத எஞ்சின் தம்பி, இரண்டு இழுவையில் எழும்பும்” என்றார் உரிமையாளர். உண்மையாகவே இரண்டாவது இழுவையில் எழும்பியது. ஆயினும் பிஸ்டன் ரிங் பாதி தேய்ந்த டூ ஸ்ட்ரோக்கும் சுமையின்றி நிற்கும்போது நன்றாகவே எழும்பும் என்பதால், அந்தச் சத்தத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது புதுப் பெயின்ற். மேல் மூடியில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே உப்பு அரிப்பைத் தன்மேல் ஏற்பதற்காகப் பூட்டப்படும் துத்தநாகக் கட்டியின்மீதும் அதே பெயின்ற் பூசப்பட்டிருந்தது. பெயின்ற் மூடிய துத்தநாகம் வேலை செய்யாது. கடல் நீர் அலுமினியத்தையே தின்னத் தொடங்கும். இவ்வாறு பூசியவர் கடலுக்காகப் பூசவில்லை, விற்பனைக்காகப் பூசியிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். நல்லவேளையாக, படகில் பற்றும் கவ்வியின் மூலைகளைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தபோது வெள்ளைப் பொடி மேலோட்டமாகவே வந்தது. உலோகம் உள்ளே உறுதியாக இருந்தது.

கியர் ஒயிலை இயந்திரம் ஓடுவதற்கு முன்னரே பார்க்க வேண்டும். இரவு முழுவதும் அசையாமல் நின்ற இயந்திரத்தின் அடித்திருகைச் சற்றே தளர்த்தினால், ஒயிலுக்குள் புகுந்த தண்ணீர் கீழே இறங்கி நிற்பதால் அதுவே முதலில் சொட்டும். ஓடிய பின் பார்த்தால் இரண்டும் கலந்து பால் தேநீர் நிறத்தில் வரும். நாங்கள் போனபோது அவர் அதை ஏற்கெனவே பீப்பாய்த் தண்ணீரில் ஓடவிட்டிருந்தார். வந்தது பால் தேநீர்தான். விசிறியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: தண்டின் அடியில் தங்கூசி நூல் இறுகச் சுற்றிக் கிடந்து, இறப்பர் சீலை அறுத்திருந்தது. எங்கள் கரையில் இது அன்றாடக் கதை, சீல் மாற்றினால் தீரும். ஆனால் தண்ணீர் எத்தனை நாள் உள்ளே இருந்தது, பற்சக்கரங்களைத் தின்றிருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. திருகின் காந்த முனையில் மாப்போன்ற தூள் மட்டுமே ஒட்டியிருந்தது, இரும்புச் சில்லுகள் இல்லை. அதனால் பற்சக்கரங்கள் இருக்கும் அடிப்பகுதியை ஒதுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் மெலிதாகவே பீச்சியது. பம்பியின் இறப்பர் இம்பெல்லரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்றி, வயர்களை நிலத்தொடுப்புச் செய்து, எரிபொருள் பிடியை முழுமையாகத் திறந்துவைத்து, பிளக் துளையில் பூட்டிய அழுத்தமானியின் முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுத்தோம். மேல் சிலிண்டர் 82 பீஎஸ்ஐ, கீழ் சிலிண்டர் 106. இந்த இயந்திரத்தில் இரண்டும் நூற்றுக்கு மேல் இருந்து, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நின்றால் நான் திருப்தியடைவேன். மேல் சிலிண்டர் அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தது.

உரிமையாளரின் சம்மதத்துடன் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்றினோம். போல்ற்றுகள் முறியாமல் வந்ததே பெரிய பாக்கியம். உப்பு இறுகிய போல்ற் பிளொக்கினுள் முறிந்தால், அதைத் தோண்டி எடுக்கும் கூலி இயந்திரத்தின் விலையோடு போட்டியிடும். மேல் சிலிண்டரின் புகைவாசல் பக்கச் சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல்கள் இருந்தன. பிஸ்டன் தலையில் படிந்த கரியைத் துணியால் துடைத்தபோது 25 என்ற பொறிப்பு தெரிந்தது. “ஒரு நாளும் கழற்றாத” இயந்திரத்தின் சிலிண்டர், பெரிய பிஸ்டன் போடுவதற்காக முன்பே ஒருமுறை 0.25 மில்லிமீற்றர் அகலமாகக் கடையப்பட்டிருக்கிறது. உரிமையாளர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த வகைக்கு அடுத்ததாக 0.50 பிஸ்டன் கிடைக்கும். ஆகவே 56 மில்லிமீற்றர் விட்டத்தில் தொடங்கிய இந்தச் சிலிண்டருக்கு இன்னும் ஒரேயொரு கடைசல்தான் மிச்சம். பொறிப்பு 50 என்று இருந்திருந்தால் அங்கேயே எழும்பி வந்திருப்பேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தோம்: கடைசல், இரண்டு பிஸ்டன், ரிங், கேஸ்கட் தொகுதி, சீல், இம்பெல்லர், துத்தநாகக் கட்டி, கூலி. அவர் கேட்ட விலையோடு சேர்த்தால் புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டியது. அந்த விலைக்கு இது பெறுமதியற்றது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டதை மறக்காதவர்கள், டூ ஸ்ட்ரோக் குடிக்கும் எரிபொருளையும் கணக்கில் சேர்ப்பார்கள். மறுபக்கம், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், கரையோர மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டே பூட்டுவார்கள், கம்பியூட்டர் எதுவும் இல்லை. விடியற்காலையில் போய் மதியத்துக்குள் திரும்பும் சிறு தொழிலுக்கு, ஒழுங்காகக் கடைந்து பூட்டினால் இது இன்னும் சில வருடம் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேட்ட விலையில் மூன்றில் இரண்டு பங்கு தருவதாக மைத்துனர் சொன்னார். உரிமையாளர் ஹெட்டைத் திரும்பப் பூட்டும்படி கேட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.